ரிவியூ எழுத நூத்தம்பது வெள்ளி

கேள்வி: அக்கா, செம்பனைத் தோட்டத்த விட்டு சுங்கை சிப்புட் டவுனுக்கு வந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு. சமையல், பிள்ளைங்க பள்ளிக்கூட விஷயம்னு ஆறு வருஷமா ஒரு பிளாக் எழுதுறேன், நம்ம ஆளுங்க நெறைய பேரு படிக்கிறாங்க. போன வருஷம் ஒரு ஏஜென்சி மெயில் போட்டு, ஒரு ஆன்லைன் டியூஷன் சைட்டப் பத்தி நல்லா எழுதுனா 150 வெள்ளின்னாங்க. காசு வாங்குனத சொல்லக்கூடாது, அவங்க குடுக்குற லிங்க்க அப்படியே போடணும், இதான் கண்டிஷன். நான் அந்த சைட்டுக்குள்ள போய்க்கூடப் பாக்காம எழுதிட்டேன். அதப் படிச்சிட்டு பக்கத்து வீட்டு அக்கா 380 வெள்ளி கட்டுனாங்க, மூணு மாசத்துல சைட்டே காணோம். இப்ப அதே ஏஜென்சி ஒரு கடன் ஆப்ப பத்தி எழுதச் சொல்லி 400 வெள்ளி தர்றேங்குது. வீட்டுக்காரரு, எல்லாரும் பண்றதுதானேங்குறாரு. என்ன செய்யட்டும்?

பதில்:

கடன் ஆப்புக்கு எழுதாத தங்கச்சி. இன்னிக்கே வேணாம்னு மெயில் போட்டுடு, மிச்சத்த அப்புறம் பேசுவோம்.

ஏன்னு கேட்டா, நம்ம மலேசியாவுல வட்டிக்குக் கடன் குடுக்கணும்னா 1951 கடன் கொடுப்போர் சட்டத்துக்குக் கீழ லைசன்ஸ் வேணும், அத குடுக்குறது வீடமைப்பு ஊராட்சி அமைச்சு. லைசன்ஸ் இல்லாம வட்டிக்கு விடுறவனத்தான் ஆலோங்குறோம், ஆப்ல வந்தாலும் ஆலோங் ஆலோங்தான். முன்னாடி தந்திக் கம்பத்துல ஸ்டிக்கர் ஒட்டுனான், இப்ப ஒன் பிளாக்ல ஒட்டப் பாக்குறான், அவ்ளோதான் வித்தியாசம். கடன் வர்றதுக்கு முன்னாடி டெபாசிட் கட்டு, ப்ராசஸிங் ஃபீஸ் கட்டுன்னு கேக்குறது, போன்ல இருக்குற நம்பரெல்லாம் உருவிக்கிறது, கட்டலன்னா அந்த நம்பருக்கெல்லாம் மெசேஜ் போட்டு அசிங்கப்படுத்துறது, இதெல்லாம் நீயும் கேள்விப்பட்டிருப்ப. டியூஷன் சைட்டுல 380 வெள்ளி போச்சு, இதுல ஒரு குடும்பமே போயிடும். பணம் சம்பந்தப்பட்ட எந்த சைட்டா இருந்தாலும் நம்ம மத்திய வங்கி பேங்க் நெகாராவோட எச்சரிக்கை லிஸ்ட்டுல பேரு இருக்கான்னு ஒரு தடவ பாரு. பேரு இல்லன்னா நல்லவன்னு அர்த்தம் இல்ல, இருந்தா கிட்டவே போகாத.

சரி, ரிவியூவுக்கு வருவோம். அந்த 150 வெள்ளி எதுக்குக் குடுத்தாங்கன்னு நெனைக்கிற? ஒன் எழுத்துக்குன்னு நெனச்சிருப்ப. இல்லம்மா, அந்த லிங்க்குக்கு. கூகள்ல ஒருத்தர் டியூஷன்னு தேடுனா எந்த சைட்டு மொதல்ல வரணும்ங்குறத முடிவு பண்றதுல, வெளியேருந்து எத்தன பேரு அந்த சைட்டுக்கு லிங்க் குடுத்துருக்காங்கங்குறதும் ஒரு கணக்கு, கிட்டத்தட்ட ஓட்டு போடுற மாதிரி. அதுலயும் வருஷக் கணக்கா ஒழுங்கா எழுதி பேரெடுத்த எடத்துலேர்ந்து வர்ற ஓட்டுக்கு வெயிட்டு ஜாஸ்தி. ஆறு வருஷமா புளிச்சாறும் ரசமும் எழுதி நீ சேத்த பேரத்தான் அவன் 150 வெள்ளிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கான். ரிவியூவ யாரும் படிக்காட்டியும் அவனுக்குக் கவல இல்ல, லிங்க் இருந்தா போதும்.

இது நேத்து மொளச்ச யாவாரமும் இல்ல. 2006லயே அமெரிக்காவுல பேபெர்போஸ்ட்னு ஒரு கம்பெனி, பிளாக்கர்ங்களுக்குக் காசு குடுத்து எழுத வெக்கறதையே தொழிலா ஆரம்பிச்சுது. பெரிய சண்டையாச்சு, காசு வாங்குனத சொல்லியே ஆகணும்னு அவங்களே அந்த வருஷக் கடைசில ரூல் போட வேண்டியதாச்சு. 2009ல அமெரிக்க அரசாங்கத்தோட வாணிப ஆணையமும் பிளாக்கர்ங்கள சேத்து அதையேதான் சொல்லுச்சு. கூகளுக்கும் காசுக்கு வித்த லிங்க் ஆகாது. எவ்ளோ ஆகாதுன்னா, 2009ல கூகளோட ஜப்பான் கிளையே பிளாக்கர்ங்களுக்குக் காசு குடுத்து எழுத வெச்சு மாட்டுனப்ப சொந்தக் கிளைன்னு பாக்காம ரேங்க்க எறக்கி விட்டாங்க. 2012ல அவங்களோட குரோம் பக்கத்துக்கும் அதே கதி, அறுவது நாளு கீழ தள்ளி வெச்சாங்க. சொந்தப் புள்ளைக்கே அந்த அடின்னா சுங்கை சிப்புட்டுல ரசம் வெக்கிற ஒன் பிளாக்க நெனச்சுப் பாரு. நாளைக்கு ஒன் சமையல் குறிப்பு ஒண்ணுகூட தேடுனா வராது, அப்ப அந்த ஏஜென்சி ஒன் மெயிலுக்குப் பதிலே போட மாட்டான்.

இதுக்காக விளம்பரமே எடுக்காதன்னு நான் சொல்ல மாட்டேன். ரேடியோக்காரன் எடுக்குறான், பேப்பர்காரன் எடுக்குறான், ராத்திரி பிள்ளைங்கள தூங்க வெச்சிட்டு எழுதுற நீ மட்டும் எதுக்கு சும்மா எழுதணும்? காசு வாங்கு. ஆனா வாங்குனத சொல்லு. நம்மாளுங்களுக்கு இதக் கத்துக் குடுக்கணுமா என்ன, கோயிலுக்கு ஒரு டியூப்லைட்டு வாங்கிக் குடுத்தாலும் வெளிச்சமே தெரியாத அளவுக்கு 'உபயம்'னு பேரு எழுதிக் குடுக்குற ஆளுங்க நாம. அதே மாதிரிதான், மொத வரியிலயே, இது இன்னார் காசு குடுத்து எழுதச் சொன்னதுன்னு போடு. கடைசில பொடி எழுத்துல போடுறது, புரியாத மாதிரி ஒரு ஹேஷ்டேக் போட்டு ஒளிக்கிறது, அதெல்லாம் கணக்குல வராது. லிங்க்குல ஸ்பான்சர்ட் இல்லாட்டி நோஃபாலோன்னு ஒரு குறி சேக்கணும், ஸ்பான்சர்ட் குறிய கூகள் 2019ல கொண்டு வந்துச்சு, ஒன் வீட்டுல ஃபோர்ம் ஃபைவ் படிக்கிற புள்ள இருந்தா ரெண்டு நிமிஷத்துல போட்டுக் குடுத்துடும். அப்படிப் போட்டா கூகள் அத ஓட்டா எண்ணாது, ஒனக்கும் அடி விழாது. இந்தக் குறி போடக்கூடாதுன்னு ஒரு ஏஜென்சி அடம் புடிச்சா, அவன் வாங்க வந்தது எதுன்னு ஒனக்கே வெளங்கிடும்.

நம்ம நாட்டுலயும் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, பொய்யா சொல்லி ஏமாத்துறது அதுல குத்தம். டிவி, ரேடியோ, இன்டர்நெட்டுல வர்றதுக்குன்னு 2022ல புதுப்பிச்ச உள்ளடக்கக் கோட்பாட்டுலயும் காசுக்குப் போடுறவங்க அத சொல்லணும்னு இருக்கு. அதனால ஒன் வீட்டுக்காரரு சொல்ற 'எல்லாரும் பண்றதுதானே' எங்கயும் செல்லாது.

எனக்கு உண்மையிலேயே கோவம் வந்த எடம் வேற. உள்ள போய்க்கூடப் பாக்கலன்னு எழுதியிருக்க பாரு, அங்கதான். எங்கப்பா ரப்பர் காட்டுல பால் வெட்டுனவரு. பால் நிறுக்குற எடத்துல தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கிராணி, மெட்ரோலாக்குங்குற அளவுக் குச்சிய பால்ல மிதக்க விட்டு, எவ்ளோ ரப்பர் எவ்ளோ தண்ணின்னு பாத்துட்டுதான் கணக்கு எழுதுவாரு. அந்தக் குச்சிய முக்காமயே கிராணி நம்பர் எழுதியிருந்தா தோட்டமே திரண்டு போயிருக்கும். நீ முக்காமத்தான் எழுதியிருக்க.

இனிமே ஒரு சைட்ட எழுதுனா உன் சொந்தக் காச கட்டி ஒரு மாசம் புழங்கிட்டு எழுது. அந்தக் காசையும் ஏஜென்சிகிட்ட தனியா கேட்டு வாங்கு, குடுக்க மாட்டேன்னா விடு. மொதல்ல பாக்க வேண்டியது, கம்பெனி பேரு, பதிவு நம்பர், அட்ரஸ், போன் நம்பர் சைட்டுல இருக்கா. ஆன்லைன்ல விக்கிறவங்க இதெல்லாம் போட்டே ஆகணும்னு நம்ம சட்டம், வெறும் வாட்சாப் நம்பர் மட்டும் இருந்தா பேசாம மூடிட்டு வந்துடு. அப்புறம் காச திருப்பிக் கேட்டுப் பாரு. சேரும்போது எல்லாரும் சிரிச்சிதான் பேசுவாங்க, ரீஃபண்ட் கேக்கும்போதுதான் கொணம் தெரியும். புடிக்காதது இருந்தா எழுதுவேன்னு முன்னாடியே சொல்லிடு, பாதிப் பேரு அங்கயே ஓடிருவான்.

வர்ற காசு இன்கம் டேக்ஸ்ல காட்ட வேண்டிய வருமானம்தான், சின்னத் தொகைதானேன்னு விடாத, எவ்ளோ எப்ப வந்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வெய்யி. மாசா மாசம் வர ஆரம்பிச்சா கம்பெனி, யாவாரமெல்லாம் பதியிற எஸ்எஸ்எம்ல பதிஞ்சுக்க, சொந்தப் பேருல வருஷத்துக்கு 30 வெள்ளி, வேற பேரு வெச்சா 60.

கடைசியா பக்கத்து வீட்டு அக்கா. அந்த ரிவியூவ நைசா அழிச்சிடலாம்னு ஒரு நெனப்பு இருக்கும் ஒனக்கு, அழிக்காத. லிங்க்க மட்டும் எடுத்துட்டு மேலயே எழுது, இதுக்கு நான் 150 வெள்ளி வாங்குனேன், உள்ள போய்ப் பாக்கல, சைட்ட இப்ப காணோம், யாரும் காசு கட்டியிருந்தா எனக்கு சொல்லுங்கன்னு. வெக்கமாத்தான் இருக்கும், ஆனா ஒன்ன நம்பிக் கட்டுனவங்க இன்னும் நாலு பேரு இருந்தா அவங்களுக்கு வேற எப்படித் தெரியும்? அப்புறம் நேரா அவங்க வீட்டுக்குப் போ, வாட்சாப்ல வேணாம். நடந்தத சொல்லிட்டு பேங்க் ஸ்லிப்பு, வந்த மெசேஜ் எல்லாத்தையும் ரெண்டு பேருமா எடுத்து வெய்யுங்க. ஆன்லைன் மோசடிக்குன்னு இருக்குற 997 நம்பரு காசு போன ஒடனே கூப்புடுறதுக்கு, இவங்களுக்கு மூணு மாசத்துக்கு மேல ஆயிடுச்சு, அதனால போலீஸ் ரிப்போர்ட்டு. கம்பெனி பேரும் அட்ரஸும் கெடச்சா பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல 5 வெள்ளி கட்டி மனு குடுக்கலாம், 50,000 வெள்ளி வரைக்கும் அங்க கேக்கலாம், வக்கீல் வேணாம், மூணு வருஷத்துக்குள்ள போகணும். அந்த அட்ரஸ ஏஜென்சிகிட்ட கேட்டு வாங்க வேண்டியது நீ. ஒனக்குக் காசு போட்டவன் அவன்தானே, அந்த பேங்க் டீட்டெயிலு ஒங்கிட்ட இருக்கும், ரிப்போர்ட்டு குடுக்கும்போது அதையும் எடுத்துட்டுப் போ. அந்த 150 வெள்ளிய அவங்க கையில குடுத்துட்டு வா. வேணாம்பாங்க, மேசமேல வெச்சிட்டு வந்துடு.