உயர்த்திய ஆறு சக்கர நீர்நில வாகனத்தை வீட்டிலேயே கட்டுவது: கேள்வி பதில்

சேற்றிலும் மேட்டிலும் ஓடி, ஏரியில் இறங்கினால் மிதந்து செல்லக்கூடிய ஆறு சக்கர வண்டியை வீட்டுப் பட்டறையில் கட்ட விரும்புவோர் அனுப்பிய கேள்விகளுக்கு, அத்தகைய வண்டிகள் இரண்டைக் கட்டியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். என் முதல் வண்டி நன்றாக மிதந்தது. ஆனால் தண்ணீரில் நகர மறுத்தது. அதன் காரணம் கீழே ஒரு பதிலில் வரும். வண்டியின் படகு போன்ற கீழுடலைத் தொட்டி என்றே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: என்னிடம் 22 குதிரைத்திறன் கொண்ட இரட்டை சிலிண்டர் எஞ்சின் தயாராக இருக்கிறது. அதைச் சுற்றிச் சட்டத்தை வெல்டிங் செய்யத் தொடங்கிவிடலாமா?

எஞ்சின் காத்திருக்கட்டும். முதலில் ஓர் எடை மெஷினும் ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்குங்கள். தொட்டி 2.4 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் கொண்ட எளிய பெட்டி என்று வைத்துக்கொண்டால், அது ஒவ்வொரு செ.மீ. அமிழும்போதும் 28.8 லிட்டர் தண்ணீரை விலக்கும். அதாவது ஏறத்தாழ 29 கிலோவைத் தாங்கும். இருவர் ஏறிய வண்டி மொத்தம் 580 கிலோ என்றால், தொட்டி மட்டும் தாங்குவதாக இருந்தால் 20 செ.மீ. அமிழ வேண்டும். ஆனால் டயர்களும் மிதப்பவையே. 63 செ.மீ. விட்டமும் 30 செ.மீ. அகலமும் உள்ள டயர் ஒன்று, முழுவதும் மூழ்கினால் ஏறத்தாழ 80 லிட்டரை விலக்கும். ஆறுக்கும் சேர்த்தால் 480 லிட்டர். ஆகவே, ஆக்சில்கள் தொட்டியின் அடித்தளத்துக்குச் சற்று மேலே அமைந்த சாதாரண வண்டியில், தொட்டி 10 செ.மீ. அளவுக்கே அமிழும்.

பொருத்தும் ஒவ்வொரு பொருளையும், அது ஒரு பேட்டரித் தட்டாகவே இருந்தாலும், எடுத்துக்கொண்டு மெஷினில் ஏறி நின்று, உங்கள் எடையைக் கழித்து நோட்டில் எழுதிவிடுங்கள். வண்டி முடியும் நாளில் எடை எவ்வளவு என்று ஊகிக்க வேண்டிய நிலை வரவே கூடாது.

கேள்வி: தரை இடைவெளி போதவில்லை, 15 செ.மீ. உயர்த்த விரும்புகிறேன். பெரிய டயர் போட்டால் போதாதா?

போதாது, கணக்கு அதற்கு இடம் தராது. 63 செ.மீ. டயரைக் கழற்றி 71 செ.மீ. டயரை மாட்டினால், வண்டி உயர்வது ஆரத்தின் வித்தியாசமான 4 செ.மீ. மட்டுமே. அந்த 4 செ.மீ.க்காக, முன்பு 66 செ.மீ. இடைவெளியில் இருந்த ஆக்சில்களை 75 செ.மீ.க்கு நகர்த்த வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் டயர்கள் ஒன்றோடொன்று உரசும். தொட்டியும் அதற்கேற்ப நீளும். செயின் மீதான இழுவிசையும் ஆரம் கூடிய விகிதத்தில், அதாவது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு, கூடிவிடும்.

உண்மையான உயரம் வேண்டுமென்றால், ஆக்சில்களைத் தொட்டியின் அடித்தளத்துக்குக் கீழே இறக்க வேண்டும். இதற்குப் பலரும் கையாளும் வழி, தொட்டியின் பக்கவாட்டில் மூடிய செயின் பெட்டி ஒன்றைப் பொருத்தி, மேலே உள்ள தண்டிலிருந்து கீழே உள்ள ஆக்சிலுக்கு சக்தியை இறக்குவது. ஆறு சக்கரத்துக்கும் ஆறு பெட்டிகள் என்றால், கூடுதலாகப் பன்னிரண்டு பேரிங் இருக்கைகளும், அவற்றுக்கு உரிய ஆயில் சீல்களும் (தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்), தண்ணீர் நுழையக்கூடிய அத்தனை புதிய வழிகளும் சேர்கின்றன. இந்த வேலையைச் செய்ய முடியாது என்று சொல்ல மாட்டேன், நானே செய்திருக்கிறேன். ஆனால் அடுத்த கேள்விக்கான பதிலையும் படித்துவிட்டு 15 செ.மீ. தானா என்று முடிவெடுங்கள். என் இரண்டாவது வண்டியில் 7 செ.மீ.யோடு நிறுத்திக்கொண்டேன்.

கேள்வி: உயர்த்திய வண்டி தண்ணீரில் மெதுவாகப் போகும் என்கிறார்களே, சக்கரம் அதே சக்கரம்தானே?

சக்கரம் அதேதான், அதன் எவ்வளவு பகுதி தண்ணீருக்கு மேலே நிற்கிறது என்பது மாறிவிடுகிறது. சுழலும் சக்கரத்தின் கீழ்ப்பாதி தண்ணீரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. மேல்பாதி முன்னோக்கித் தள்ளுகிறது. மேல்பாதி காற்றில் இருக்கும்வரை கீழ்ப்பாதியின் உந்துதல் நமக்கு மிச்சம். மேல்பாதியும் மூழ்கிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

மேலே சொன்ன 580 கிலோ வண்டியில், சாதாரண நிலையில் டயரின் உச்சி நீர்மட்டத்துக்கு மேல் 27 செ.மீ. நிற்கும். ஆக்சில்களை 15 செ.மீ. இறக்கினால் அது 15 செ.மீ. ஆகக் குறையும். என் முதல் வண்டியை இரும்புத் தகட்டில் கட்டி, 15 செ.மீ. உயர்த்தி, எல்லாம் சேர்த்து 800 கிலோவுக்குக் கொண்டுவந்திருந்தேன். ஏரியில் இறக்கியபோது தண்ணீருக்கு மேலே ஒரு கையகலம்தான் டயர் தெரிந்தது. எஞ்சின் முழுவேகத்தில் உறுமியது, டயர்கள் தண்ணீரைக் கடைந்தன, கரையில் நின்ற மரம் நின்ற இடத்திலேயே நின்றது.

உயர்த்தாத சாதாரண வண்டிகள் டயரின் உந்துதலால் மட்டுமே மணிக்கு 4 முதல் 5 கி.மீ. வரை செல்லும். உயர்த்திய வண்டிக்கு, பின்பக்கச் சுவரில் சிறிய அவுட்போர்டு மோட்டார் ஒன்றைத் தொங்கவிடுவதே நேர்மையான தீர்வு. அதன் எடை பின்பக்கத்தைத் தாழ்த்தும் என்பதால், பேட்டரியையும் பெட்ரோல் டாங்கையும் முன்னே கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி: உயரம் கூடினால் தண்ணீரில் கவிழ்ந்துவிடாதா?

இருபுறமும் உள்ள டயர்கள், கட்டுமரத்தின் பக்கக் கட்டைகளைப் போல, வண்டியைச் சாயவிடாமல் தாங்குகின்றன. ஆனால் நீர்மட்டத்தை வெட்டி நிற்கும் டயர்தான் அப்படித் தாங்கும். சாயும்போது தாழ்ந்த பக்க டயர் முழுவதும் மூழ்கிவிட்டால், அதன்பிறகு எவ்வளவு சாய்ந்தாலும் அது கூடுதலாக ஒரு கிலோவும் தாங்காது. வண்டியின் நடுக்கோட்டிலிருந்து டயர் 77 செ.மீ. தள்ளி இருந்தால், சாதாரண வண்டியில் அந்தக் கட்டம் சுமார் 19 டிகிரி சாய்வில் வரும். 15 செ.மீ. உயர்த்தினால் 11 டிகிரியில் வரும். என் 800 கிலோ வண்டியில் அது 7 டிகிரியில் வந்தது. பருமனான ஒருவர் ஓரமாக நின்று மீன் தூண்டிலை வீசினாலே அந்தச் சாய்வு வந்துவிடும்.

அதன்பின் தாங்குவது தொட்டியின் அகலம் மட்டுமே. நீர்மட்டத்தில் தொட்டி தரும் எதிர்ப்பு அகலத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. எனவே அகலத்தை 1.2 மீட்டரிலிருந்து 1.4 மீட்டருக்குக் கொண்டுசென்றால், அந்த எதிர்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம் உயரும். உயர்த்த நினைப்பவர் முதலில் அகலப்படுத்த வேண்டும்.

கேள்வி: தொட்டிக்கு இரும்பா, அலுமினியமா?

3 மி.மீ. அலுமினியம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 8 கிலோ, 2 மி.மீ. இரும்பு ஏறத்தாழ 16 கிலோ. ஆறரை சதுர மீட்டர் தகடு தேவைப்படும் தொட்டியில் வித்தியாசம் 50 கிலோ. அலுமினியத்தை டிக் (TIG) வெல்டிங்கில் ஒட்டத் தெரிந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். இரும்புத் தாங்கிகள் அதைத் தொடும் இடங்களில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தகட்டை இடையில் வையுங்கள், இல்லாவிட்டால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும்.

கேள்வி: செயின் அடிக்கடி அறுந்துபோகிறது. 50ஆம் எண் செயின் போதாதா?

ஒரு பக்கத்தை நிறுத்தி மறுபக்கத்தை ஓட்டித்தான் இவ்வகை வண்டி திரும்புகிறது. ஆகவே, செயினுக்கு வரும் பெரும் சோதனை மேடு ஏறும்போது அல்ல, திரும்பும்போதுதான். ஒரு பக்கம் 290 கிலோ, தரைப்பிடிப்பு 0.8, டயர் ஆரம் 32 செ.மீ. என்று கொண்டால், அந்தப் பக்கத்துக்கு வரும் முறுக்கு விசை ஏறத்தாழ 720 நியூட்டன் மீட்டர். 30 பல் கொண்ட 50ஆம் எண் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பற்சக்கரத்தின்) ஆரம் 76 மி.மீ. மட்டுமே என்பதால், அந்தப் பக்கம் முழுவதையும் இழுக்கும் முதல் செயின் மீது 970 கிலோ அளவுக்கு இழுவிசை விழுகிறது. அந்தச் செயின் சுமார் 2,200 கிலோவில் அறும். இது காகிதத்தில் இரு மடங்குக்குச் சற்று மேல். தேய்ந்து, சேறு புகுந்து, திடீரென்று கிளட்ச் பிடிக்கும் நிலையில் ஒன்றுமே இல்லை.

60ஆம் எண் செயின் சுமார் 3,200 கிலோ வரை தாங்கும். அதே 30 பல் ஸ்ப்ராக்கெட் 91 மி.மீ. ஆரம் கொண்டிருப்பதால் இழுவிசையும் 810 கிலோவாகக் குறையும். ஆகவே பாதுகாப்பு நான்கு மடங்கை நெருங்குகிறது. குறைந்தது கியர்பாக்ஸிலிருந்து வரும் முதல் செயினையாவது 60ஆம் எண்ணாக மாற்றுங்கள்.

கேள்வி: கெட்டியான சாலையில் ஓட்டலாமா?

பட்டறையிலிருந்து ஏரிக்கரை வரை ஓட்டலாம். பயணம் போகக் கூடாது. ஒரே பக்கத்துச் சக்கரங்கள் மூன்றும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருப்பதால், டயர் விட்டத்தில் உள்ள சிறு வித்தியாசமும் தண்டுகளில் முறுக்கமாகச் சேரும். பிரிட்டனின் ஆல்விஸ் ஸ்டால்வார்ட் என்ற ஆறு சக்கர நீர்நில ராணுவ லாரிக்கே இந்தத் தொல்லை இருந்தது. சேர்ந்த முறுக்கத்தை விடுவிக்க அதன் ஓட்டுநர்கள் சக்கரங்களைச் சாலையோரத் திட்டுகள் மீது ஏற்றி இறக்குவார்கள். மண்ணில் டயர் வழுக்கி அந்த முறுக்கத்தைத் தானே விடுவித்துக்கொள்ளும். திரும்புவதை எளிதாக்க, நடு டயர்களில் மட்டும் அரை பிஎஸ்ஐ காற்று கூடுதலாக வையுங்கள்.

கேள்வி: தனித்தனி சஸ்பென்ஷன் வைத்தால் சொகுசாக இருக்குமே?

2 முதல் 5 பிஎஸ்ஐ வரை காற்றடித்த டயர்தான் இந்த வண்டியின் சஸ்பென்ஷன். சஸ்பென்ஷன் வைத்தால், தொட்டியைத் துளைத்து வரும் தண்டுகள் மேலும் கீழும் அசையும். அவை ஒவ்வொன்றுக்கும், தண்ணீர் புகாமல் இருக்க, ரப்பர் உறை போட வேண்டிய வேலையை வீட்டில் இழுத்துப்போட்டுக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ரப்பர் உறை அவ்வளவு ஆபத்தானதா? இரண்டாம் உலகப்போரில் ஓடிய டக் என்ற நீர்நில ராணுவ லாரிகளில் இருந்ததே?

இருந்தது. 1942 முதல் 21,000க்கும் மேற்பட்ட டக் வண்டிகள் கட்டப்பட்டன. அவற்றின் தண்டுகள் தொட்டியைத் துளைத்து வெளியேறும் இடங்களில் ரப்பர் உறைகள் இருந்தன. போரில் அவற்றைப் பராமரிக்க ஆட்களும், உள்ளே புகும் தண்ணீரை இறைக்கச் சக்திமிக்க பம்புகளும் இருந்தன. 1999 மே மாதம் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹாமில்டன் ஏரியில் சுற்றுலாப் பயணிகளுடன் சென்ற ஒரு டக் வண்டி மூழ்கி, அதிலிருந்த 21 பேரில் 13 பேர் இறந்தனர். தண்டின் ரப்பர் உறை கழன்று தண்ணீர் புகுந்தது. மேலே இருந்த கூரை, உள்ளிருந்தவர்களை வெளியேற விடாமல் தடுத்தது. ஆகவே, நிழலுக்காகக்கூட உங்கள் வண்டிக்கு நிலையான கூரை போடாதீர்கள்.

நம் வண்டியில் சுழலும் ஆக்சிலுக்கு இரண்டு உதடு கொண்ட ஆயில் சீல்கள் இரண்டை முதுகோடு முதுகாக வைத்து, இடையில் கிரீஸ் நிப்பிள் பொருத்துங்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீரில் இறங்கும் முன், வெளி உதட்டில் புது கிரீஸ் பிதுங்கி எட்டிப்பார்க்கும்வரை கிரீஸ் கன்னை அழுத்துங்கள்.

கேள்வி: தொட்டிக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டால் வண்டி மூழ்கிப்போகுமா?

பெரும்பாலும் மூழ்காது, அதைவிட மோசமானது நடக்கும். ஆறு டயர்களும் சேர்ந்து, தம் எடை போக, வெள்ளம் நிறைந்த வண்டியைத் தாங்கப் போதுமானவை. ஆனால் மிதப்பு முழுவதும் கீழே, கனமான எஞ்சின் மேலே என்றால், வண்டி புரண்டு சக்கரங்கள் வானத்தைப் பார்க்க மிதக்கும். இதைத் தடுக்க, தண்ணீர் உறிஞ்சாத ஃபோமைத் தொட்டியின் அடியில் அல்ல, இரு பக்கச் சுவர்களின் மேல் விளிம்பை ஒட்டி நிரப்புங்கள். 15 செ.மீ. சதுரக் குறுக்குவெட்டில் இருபுறமும் 2.2 மீட்டர் நீளம் வைத்தால் ஏறத்தாழ 100 லிட்டர் கிடைக்கும். அடியில் ஃபோம் நிரப்புவது புரளுவதற்கு உதவி செய்வதே.

கேள்வி: எஞ்சினைத் தொட்டிக்குள் மூடி வைப்பதில் என்ன கவனிக்க வேண்டும்?

மூன்றைச் சொல்கிறேன். காற்றால் குளிரும் எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்று உள்ளே வரவும், சூடான காற்று வெளியேறவும் தனித்தனிக் குழாய்கள் வேண்டும். இல்லையேல் தன் சூட்டையே மறுபடி மறுபடி மூச்சுவிட்டுக் கெட்டுப்போகும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானதால் தொட்டியின் அடியில் தேங்கும். ஸ்டார்ட் செய்யும் முன் சில நிமிடங்கள் அடித்தளக் காற்றை வெளியேற்றும் ஃபேனை ஓட்டுங்கள். புகைக்குழாயை இருக்கைக்குப் பின்னே உயர்த்தி விடுங்கள். கார்பன் மோனாக்சைடு மணக்காது.

கேள்வி: முதல் முறை தண்ணீரில் இறக்குவதை எப்படிச் செய்வது?

எஞ்சினை ஓட்டாமல், ஆள் ஏறாமல், கரையில் கட்டிய கயிற்றோடு இறக்குங்கள். இறக்கும் முன் தொட்டியின் உட்புறத்தைத் துடைத்து உலர்த்தி, ஒவ்வொரு ஆக்சில் துளையைச் சுற்றியும் வெல்டிங் கோடுகள் மீதும் சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவுங்கள். அரை மணி நேரம் மிதக்கவிட்டு இழுத்துவந்து பாருங்கள். கசிவு எங்கே என்று, கறுத்து ஈரமான பொடி காட்டிவிடும். அதன்பின் மணல் மூட்டைகளை ஆட்களின் எடைக்கு ஏற்றி, இன்னொரு அரை மணி.

வடிகால் அடைப்பானைப் போட்டீர்களா என்று எழுதிய அட்டையை ஸ்டார்ட்டர் சாவியில் கட்டித் தொங்கவிடுங்கள். 25 மி.மீ. துளை 20 செ.மீ. ஆழத்தில் திறந்திருந்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் உள்ளே வரும். இந்தக் கணக்கை நான் உட்கார்ந்து போட்டது, என் காலணி நனைந்த பிறகுதான்.