மூளைசாலிகள் மட்டுமா போனார்கள்?

கேள்வி: கொரோனா எல்லா நாடுகளையும்தான் தாக்கியது. அப்படியிருக்க, இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் வேலை இழந்து எங்கள் பிள்ளைகள் வெளிநாடு போனதற்கு அரசாங்கத்தைக் குறை சொல்வது சரியா? இந்த மூளைசாலிகள் வெளியேற்றத்தைத் தடுக்க என்ன வழி?
– வாசகர் ஒருவர், மட்டக்களப்பு

பதில்: 'மூளைசாலிகள்' என்ற அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய சண்டை ஒன்று இருக்கிறது. முதலில் அதை முடித்துவிடுகிறேன். வைத்தியர் போனால், பொறியியலாளர் போனால், விரிவுரையாளர் போனால் பத்திரிகைகள் இந்தத் தலைப்பைப் போடுகின்றன. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அதில் இடமில்லை. காஸ் இல்லாத வீட்டில் விறகு பொறுக்கி, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று, மூன்று பிள்ளைகளைப் பட்டினி போடாமல் காத்தவளுக்கு மூளை இல்லையா? 2022-இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டு வேலைக்குப் போனவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். அதற்கு முன் எந்த வருடத்திலும் அத்தனை பேர் போனதில்லை. அதில் பெருந்தொகை வீட்டுப்பணிப்பெண்களும் சாரதிகளும் கூலித் தொழிலாளிகளும்தான்.

அந்த வருடம் ஒரு கடவுச்சீட்டு அலுவலக வாசலில் விடிய நாலு மணிக்கு நின்றிருக்கிறேன். ஆட்கள் மதிலோரம் படுத்திருந்தார்கள். அவர்களுக்குப் பதிலாகச் செருப்புகளும் தண்ணீர்ப் போத்தல்களும் வரிசையில் இருந்தன. ஒரு பெண் பிறப்புச் சான்றிதழைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். "பிள்ளைய அம்மாவிட்ட விட்டிட்டுப் போறன் ஐயா, ரெண்டு வருசம்தானே" என்றார். அதே வருடம் ஜூலையில் பத்தரமுல்லையில், இரண்டு நாளாகக் கடவுச்சீட்டு வரிசையில் நின்ற 26 வயதுக் கர்ப்பிணிக்கு அங்கேயே பிரசவ வலி எடுத்தது. காவலுக்கு நின்ற இராணுவத்தினர்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சரி, கொரோனாவுக்கு வருகிறேன். உல்லாசப் பயணிகள் வராமல் ஹோட்டல் வேலைகள் போனது உண்மை. ஆனால் அரசாங்கத்துக்கு வரும் காசைக் குறைத்து, வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக வெட்டியது 2019 டிசம்பரில், கொரோனா இங்கே வருவதற்கு முன்பு. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியது கிருமி அல்ல, அப்போதைய ஜனாதிபதி கோத்தபாய ராஜபக்சவின் அரசாங்கம். நெல் படுத்தது, வயலில் கூலிக்கு இறங்கியவர்களின் பிழைப்பும் அதோடு படுத்தது. மருந்துக்கே டொலர் இல்லாத 2022 ஜனவரியில் வெளிநாட்டில் பத்திரம் விற்று வாங்கிய 500 மில்லியன் டொலர் கடனை (கடன்முறியை) அடைத்தார்கள். ஏப்ரலில் இனி வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாது என்று கையை விரித்தார்கள். சீமெந்து விலை ஏறி, மேசன்மார் சாந்துக் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு வீட்டில் இருந்தார்கள்.

அப்புறம் ஜூனில் ஒரு சுற்றுநிருபம் வந்தது. அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு போகலாம், பதவி மூப்புக்குப் பாதிப்பில்லை. அதே மாதம், வீட்டு வேலைக்குப் போகும் பெண்களின் குறைந்த வயதை 21 ஆக இறக்கினார்கள். நீங்கள் தடுக்க வழி கேட்கிறீர்கள். அவர்கள் அனுப்ப வழி பார்த்தார்கள். வெளிநாட்டில் உழைப்பவர்கள் 2023-இல் அனுப்பிய காசு ஏறக்குறைய 6 பில்லியன் டொலர். இன்று நீங்களும் நானும் வரிசையில் நிற்காமல் காஸ் வாங்குவதில் அந்தப் பெண்களின் உழைப்பும் இருக்கிறது.

குறை சொல்வது சரியா என்ற கேள்விக்கு என்னைவிடப் பெரிய இடம் பதில் சொல்லிவிட்டது. 2023 நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்களில் நால்வர், கோத்தபாய, மகிந்த, பசில் ராஜபக்ச சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உள்ளிட்ட அதிகாரிகளும் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள், நெருக்கடிக்கு அவர்களே பொறுப்பு என்று தீர்ப்பளித்தார்கள். மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபா கொடுக்கச் சொன்னார்கள். இழப்பீட்டை யாரும் கேட்கவில்லை, நீதிமன்றம் கொடுக்கவுமில்லை. பொலித்தீன் பையோடு நின்ற அந்தப் பெண்ணுக்காக யாராவது அதைக் கேட்டு வழக்குப் போட வேண்டும். போடுகிறவர்களுக்கு இந்தப் பத்திரிகையின் பக்கங்கள் திறந்தே இருக்கும்.