பெட்டியின்மேல் பரிமாறிய விருந்து

போன இதழில், "விருந்து கெட்டுப்போகும் படங்கள்தான் எனக்குப் பிடித்த திகில் படங்கள், பார்த்தால் சிரிப்பும் வரும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சரி, இந்த முறை சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்திருக்க வேண்டாம்.

கேள்வி: நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், பேசுகிறார்கள். அதில் திகில் எங்கே இருக்கிறது? அதைப் பார்த்துச் சிரிப்பு வேறு வருகிறது என்கிறீர்களே?
— ஜெலுத்தோங் வாசகர்

பதில்: ஹிட்ச்காக் 1948-இல் எடுத்த 'ரோப்' படத்தைப் பாருங்கள். நியூயார்க்கில் ஓர் அடுக்குமாடி வீடு. இரண்டு இளைஞர்கள் தங்கள் பழைய பள்ளித் தோழனைக் கயிற்றால் நெரித்துக் கொன்று ஒரு மரப்பெட்டிக்குள் போடுகிறார்கள். அந்தப் பெட்டியின்மேலேயே துணி விரித்து, மெழுகுவத்தி வைத்து, விருந்தும் வைக்கிறார்கள். வருகிறவர்களில் செத்தவனின் அப்பா உண்டு, அவனைக் கட்டிக்கொள்ள இருந்த பெண்ணும் உண்டு. கொலை ஆரம்பத்திலேயே முடிந்துவிடுவதால் யார் செய்தது என்ற கேள்வியே கிடையாது. நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான் சரக்கு.

விருந்துக்கு வரும் ஒரு வயதான அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. உள்ளே வந்ததும் வேறொரு பையனைப் பார்த்து, செத்தவன் பெயரைச் சொல்லி ஆசையாகக் கூப்பிடுகிறார். கொலைகாரர்களில் ஒருவன் கையிலிருந்த கண்ணாடிக் கிளாஸ் அப்படியே நொறுங்குகிறது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மருமகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஆனால் படத்தின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. சாப்பாடு முடிந்ததும் வேலைக்கார அம்மா பெட்டிமேல் இருப்பதை எடுத்து வைக்க ஆரம்பிக்கிறார். 'பையன் ஏன் இன்னும் வரவில்லை' என்று மற்றவர்கள் பேசும் சத்தம் மட்டும் கேட்கிறது. கேமரா அவர்கள் பக்கம் திரும்புவதே இல்லை. அந்த அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார், வருகிறார். மெழுகுவத்தி போகிறது. துணி போகிறது. அப்புறம், வழக்கமாகப் பெட்டிக்குள் இருக்க வேண்டிய புத்தகங்களைக் கை நிறையத் தூக்கிக்கொண்டு வருகிறார். மூடியைத் திறக்கப் போகும் நேரத்தில்தான், "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒருவன் ஓடி வருகிறான். என் மனைவி தினமும் ராத்திரி மேசை துடைக்கிற அதே நடை. அதனால்தான் வயிற்றைப் பிசைகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் என் தொழிலைப் பேசிக்கொள்கிறேன். ஜார்ஜ்டவுன் தியேட்டர் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் ஆபரேட்டராக இருந்தவன் நான். 35 எம்.எம். பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். கேமராவில் போடுவது 1,000 அடி, அதாவது பதினோரு நிமிடத்துக்குக் கொஞ்சம்தான் மேல். ஆகவே ஹிட்ச்காக்குக்கு ஒரே மூச்சில் எடுக்க ஆசை இருந்தாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தியே ஆக வேண்டும். யாராவது ஒருவர் முதுகின் கறுப்புக் கோட்டுக்குள் கேமராவை முட்டவிட்டு அந்த வெட்டை மறைத்தார். தியேட்டரில் நாங்கள் மாட்டும் ரீல் 2,000 அடி. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, திரையின் வலது மேல் மூலையில் புள்ளி தெரிந்ததும் அடுத்த மெஷினை ஓடவிட்டு, இரண்டாவது புள்ளியில் மாற்றுவோம். அந்த நேரத்தில் கோட்டு வித்தை எடுபடாது. எந்த ஆபரேட்டரின் கையும் ஒரு நொடி முன்பின்னாகத்தான் இருக்கும். அதனால் அந்த இடங்களில் மட்டும் மனுஷன் நேரடியாகவே வெட்டியிருக்கிறார். 80 நிமிடப் படத்தில் எங்களை நினைத்து எடுத்த வெட்டுகள் அவை. விமர்சகர்கள் கோட்டைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு இந்த வெட்டுகள்தான் பெரிது.

கேள்வி: அங்கிள், 2022-இல் வந்த 'தி மெனு' பார்த்தீர்களா? அத்தனை பேரையும் சாகடிக்கிற சமையல்காரர் அந்தப் பெண்ணை மட்டும் ஏன் விட்டார்?
— பிரிக்பீல்ட்ஸ் கல்லூரி மாணவி

பதில்: பார்த்தேன் அம்மா. முடிவை நீயே போட்டு உடைத்துவிட்டதால் எனக்குப் பாவமில்லை. இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுங்கள்.

ஒரு தீவு, அதில் ஒரு உணவகம், தலைக்கு 1,250 டாலர். தட்டில் வருவதோ கல்லும் நுரையும். பணக்காரர்கள் சாப்பிடுகிறார்களா, சாப்பிட்டதாகச் சொல்லிக்கொள்ள வந்திருக்கிறார்களா என்று சமையல்காரருக்கே தெரியவில்லை. சமையல்காரராக வரும் ரால்ஃப் ஃபைன்ஸ் கைதட்டும் ஒவ்வொரு தட்டும் எனக்குத் துப்பாக்கிச் சத்தம்தான். அந்தப் பெண் மட்டும், "எனக்கு இன்னும் பசிக்கிறது" என்கிறாள். சாதாரண சீஸ்பர்கர் கேட்கிறாள். அவர் முகத்தில் படத்திலேயே முதல் முறையாகச் சந்தோஷம் தெரிகிறது. ஒரு கடி கடித்துவிட்டு, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு போகலாமா என்று கேட்கிறாள். அவரே பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்புகிறார். தாப்பாவ் கேட்டு உயிர் தப்பிய ஒரே கதாநாயகி! நம்ம ஊர்ப் பெண்ணாக இருந்தால் முதல் தட்டு வந்தபோதே கேட்டிருப்பாள்.

கேள்வி: இந்த மாதிரிப் படங்களில் ஏதோ சரியில்லை என்று தெரிந்ததும் எழுந்து வெளியே போக வேண்டியதுதானே? ஏன் யாரும் போவதில்லை?
— செந்தூல் வாசகி

பதில்: உங்கள் நாத்தனார் வீட்டிலிருந்து நீங்கள் கடைசியாக எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்? சோபாவில் ஒரு "போயிட்டு வரோம்", வாசலில் ஒன்று, கேட்டருகில் ஒன்று, காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கி இன்னொன்று. அதற்குள் இன்னும் முக்கால் மணி நேரம்.

லூயி புனுவெல் 1962-இல் மெக்சிகோவில் எடுத்த படம் ஒன்று இதை மட்டுமே வைத்து ஓடுகிறது. ஆங்கிலத்தில் 'தி எக்ஸ்டெர்மினேட்டிங் ஏஞ்சல்' என்பார்கள். பெரிய மனிதர்கள் விருந்து முடிந்து வரவேற்பறையில் உட்காருகிறார்கள். கதவு திறந்துதான் கிடக்கிறது. ஆனால் யாராலும் தாண்ட முடியவில்லை. நாள் கணக்கில் கிடந்து, சுவரை உடைத்துக் குழாய்த் தண்ணீர் குடித்து, வீட்டுக்குள் அலையும் ஆட்டைப் பிடித்துத் தின்னும் நிலைமைக்கு வருகிறார்கள். காரணமா? புனுவெல் கடைசிவரை சொல்ல மாட்டார். விருந்து ஆரம்பிக்கும் முன்பே வேலைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சாக்குச் சொல்லிக் கிளம்பிவிடுவதைக் கவனியுங்கள். சமையலறைக்குத்தான் முதலில் தெரியும்.

கேள்வி: சைவ விருந்தில் திகில் வருமா?
— பாயான் லெப்பாஸ் வாசகர்

பதில்: வரும். கல்யாணப் பந்தியில் ஒருவர் சாப்பிட்டு முடித்து, நிதானமாக இலையைத் தனக்கு எதிர்ப்பக்கமாக மடிக்கட்டும். சாவு வீட்டு மடிப்பு அது. பந்தியில் சத்தம் அடங்குகிறதா இல்லையா பாருங்கள்.

கேள்வி: நம் மலேசியத் தமிழ்க் குடும்பத்தை வைத்து இப்படி ஒரு படம் எடுக்க முடியுமா?
— ஆயர் ஈத்தாம் வாசகி

பதில்: உங்கள் பக்கத்திலேயே நடந்தது ஒன்று சொல்கிறேன். பல வருடத்துக்கு முன், என் சித்தி வீட்டில் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு. சித்தி மகன் ஒரு ஆலோங்கிடம், அதாவது திருட்டு வட்டிக்காரரிடம், 5,000 வெள்ளி கடன் வாங்கியிருந்தது எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். பகல் பன்னிரண்டரைக்கு வாசலில் ஒரு சீனர். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஆரஞ்சுப் பை. கடன் கட்டாதவர் வீட்டில் ஊற்றச் சிவப்புச் சாயத்தோடு வருவார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருந்தோம், ஆரஞ்சோடு வருவார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

சித்தி, மகனின் ஆபீஸ் ஆள் என்று நினைத்துக்கொண்டார். "மாசோக், மாசோக்" என்று மலாயில் உள்ளே அழைத்து, கையைப் பிடித்து நடு மேசையில் உட்கார வைத்தார். இட்லி, ஆட்டுக்கறிப் பிரட்டல், கோழி ரெண்டாங். அவர் போதும் என்று கையைக் காட்டக் காட்ட, சித்தி எலும்பில்லாத துண்டாகப் பொறுக்கிப் போடுகிறார். தம்பி எதிரில் நிற்கிறான். கையில் இருக்கும் அச்சு முறுக்கு மாவாகிச் சட்டையில் உதிர்கிறது. சித்தப்பா, வந்தவரிடம் மகனின் சம்பளத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரும் தலையை ஆட்டிக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்!

சாப்பிட்டு, கை கழுவி, குழந்தைகளுக்கு ஆளுக்கு ஐந்து வெள்ளி கொடுத்தார். படியிறங்கும்போது தம்பியின் தோளில் கை வைத்து, "உன் அம்மா சமையல் நல்லா இருக்கு. திங்கட்கிழமை" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

சித்தப்பாவின் நிலம் ஒன்றை விற்றுக் கடனை அடைத்தார்கள். எதற்காக விற்றோம் என்று சித்தியிடம் இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அடுத்த தீபாவளிக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டார்: "போன வருசம் வந்துச்சே அந்தச் சீனத் தம்பி, அதைக் கூப்பிட்டியாடா?"