கூடைப்பந்து கேள்வி – பதில்: பயிற்சியாளருக்கு அப்படி என்ன வேலை?

கேள்வி: அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் ஆடுபவர்கள் உலகிலேயே சிறந்தவர்கள். அவர்களுக்குப் போய் ஒரு கோச் என்ன கற்றுக்கொடுக்க முடியும்? நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தால் யார் கோச்சாக இருந்தாலும் ஜெயித்துவிட மாட்டார்களா?
– வாசகர், பெரியகுளம்

பதில்: ஷாட் போடக் கற்றுக்கொடுப்பது அந்த மட்டத்தில் பெரிய வேலை இல்லை. யாரை இறக்குவது, யாரோடு சேர்த்து இறக்குவது, எப்போது வெளியே எடுப்பது என்பதில்தான் கோச்சின் திறமை தெரியும். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 2013-14 சீசனின் 82 ஆட்டங்களில் 51-ல் ஜெயித்தது. சக வீரருக்கு மிகக் குறைவாகப் பாஸ் கொடுத்த அணியும் அந்த ஆண்டு அதுதான். அடுத்த சீசனில் ஸ்டீவ் கெர் கோச்சாக வந்தார். முக்கிய வீரர்கள் அப்படியே இருந்தார்கள். 67 வெற்றி, கூடவே கோப்பை.

அந்த 2015 இறுதிச் சுற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளீவ்லாந்து கவாலியர்ஸுக்கு எதிராக மூன்று ஆட்டம் முடிந்தபோது வாரியர்ஸ் 1-2 என்று பின்தங்கியிருந்தது. சிக்கல் வாரியர்ஸின் சென்டர் (கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான வீரர்) ஆண்ட்ரூ போகட்டிடம் இருந்தது. ஏழடி ஆள், அருமையான தடுப்பாளர். ஆனால் தூரத்திலிருந்து ஷாட் போடமாட்டார். அவரை மார்க் செய்ய வேண்டியவர் அவரை விட்டுவிட்டுக் கூடைக்குப் பக்கத்திலேயே நின்றுகொள்ளலாம். வாரியர்ஸின் நட்சத்திரம் ஸ்டீபன் கர்ரி உள்ளே புகுந்தால் வழி அடைபட்டுவிடும். நான்காவது ஆட்டத்தில் கெர் போகட்டை பெஞ்சில் உட்கார வைத்தார். ஆறடி ஆறங்குல ஆண்ட்ரே இகுவோடாலாவை முதல் ஐவரில் இறக்கினார். சென்டர் பொறுப்பு அதே உயரமுள்ள டிரேமண்ட் கிரீனுக்குப் போனது.

இதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஆட்டம் தொடங்கியதும் 0-7. கிளீவ்லாந்தின் ஏழடி சென்டர் டிமோஃபே மோஸ்காவ் அன்று 28 பாயிண்ட் குவித்தார். பதறிய கோச் என்றால் போகட்டைத் திரும்ப இறக்கியிருப்பார். ஆனால் மோஸ்காவ் கூடைக்கு அடியில் எடுக்கும் இரண்டு இரண்டு பாயிண்டைவிட, மைதானத்தின் மறுமுனையில் வாரியர்ஸுக்குத் திறந்துகொண்ட இடம் பெரிது. முடிவு வாரியர்ஸுக்கு 103-82 வெற்றி. அடுத்த ஆட்டத்தில் கிளீவ்லாந்து கோச்சே மோஸ்காவை ஒன்பது நிமிடம்தான் ஆடவிட்டார். வாரியர்ஸ் 4-2 என்று கோப்பையை வென்றது. லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட முதல் ஐவரில் இறங்காத இகுவோடாலா இறுதிச் சுற்றின் சிறந்த வீரரானார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த யோசனையைச் சொன்னவர் நிக் யூரென் என்ற இளம் உதவியாளர். அதற்கு முந்தைய ஆண்டு இறுதிச் சுற்றின் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கண்ணில் பட்டது இது: சான் அன்டோனியோ கோச் கிரெக் போபோவிச் மூன்றாவது ஆட்டத்தில் சென்டர் தியாகோ ஸ்ப்ளிட்டருக்குப் பதில் அவரைவிட உயரம் குறைந்த போரிஸ் டியாவை இறக்கியிருந்தார். அந்தத் தொடரை சான் அன்டோனியோ ஐந்தே ஆட்டத்தில் ஜெயித்தது.

கேள்வி: பெரிய ஆட்டக்காரராக இருந்தவர்தான் நல்ல கோச் ஆக முடியுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. ஐந்து கோப்பை வென்ற போபோவிச் என்.பி.ஏ.வில் ஆடியதே இல்லை. மயாமி ஹீட்டின் எரிக் ஸ்போல்ஸ்ட்ராவும் அப்படித்தான். 1995-ல் அந்த அணியின் வீடியோ அறையில் வேலைக்குச் சேர்ந்தார், 2008-ல் தலைமை கோச் ஆனார், 2012, 2013 இரண்டு ஆண்டும் கோப்பை.

கேள்வி: டைம் அவுட்டில் என்ன பேசுவார்கள்? எங்கள் அணி டைம் அவுட் எடுத்துத் திரும்பியதும் இன்னும் மோசமாக ஆடுகிறது.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணிக்கு ஏழு டைம் அவுட், ஒவ்வொன்றும் 75 நொடி. உற்றுப் பாருங்கள், முதல் அரை நிமிடம் கோச் வீரர்களிடம் வரவே மாட்டார். அவர்கள் தண்ணீர் குடித்து மூச்சு வாங்கும்போது, அவர் தள்ளி நின்று உதவியாளர்களிடம் கேட்டுக்கொள்வார்: யாருக்கு எத்தனை ஃபவுல், எந்த இடத்தில் உடைகிறது. பிறகுதான் சிறு பலகையோடு அவர்கள் எதிரில் உட்காருவார். இறங்கப்போகும் ஐவரின் பெயர், தடுப்பில் ஒரு திருத்தம், தாக்குதலில் ஒரு பிளே (யார் எங்கே ஓடி, யாருக்குப் பாஸ் கொடுப்பது என்ற திட்டம்). அவ்வளவுதான்.

உங்கள் அணி கெடுவதற்கு அனேகமாக இரண்டு காரணம். ஒன்று, நான்கைந்து விஷயத்தை ஒரே மூச்சில் கொட்டுவது. படபடப்பில் இருப்பவன் மனதில் கடைசியாகச் சொன்னதுதான் நிற்கும். இரண்டு, பயிற்சியில் ஒருமுறைகூட ஓடிப் பார்க்காத பிளேயைப் பலகையில் வரைவது. முதல் பாஸை எதிரணி அடைத்துவிட்டால் அடுத்து எங்கே கொடுப்பது என்று யாருக்கும் தெரியாது, பந்து பறிபோகும்.

நீங்கள் ஆடுவது உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதி. முதல் பாதியில் 2, இரண்டாம் பாதியில் 3 டைம் அவுட், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். நான்காம் குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்தில் 2-க்கு மேல் எடுக்க முடியாது. வீரர் கேட்டாலும் கிடைக்காது, கோச்சோ முதல் உதவி கோச்சோதான் கேட்க வேண்டும். எதிரணி தொடர்ந்து இரண்டு கூடை போட்டதுமே எடுத்துத் தீர்த்துவிடாமல் கடைசிக்கு ஒன்றை வைத்திருங்கள்.

கேள்வி: எதிரணி ஸ்கிரீன் போட்டாலே எங்கள் கல்லூரி அணியின் தடுப்பு சிதறிவிடுகிறது. தொழில்முறை அணிகள் எப்படிச் சமாளிக்கின்றன?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பந்து வைத்திருப்பவரைத் தடுப்பவரின் வழியில் எதிரணி ஆள் ஒருவர் சுவர் மாதிரி வந்து நிற்பதுதான் ஸ்கிரீன். பந்து யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்து ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுவார்கள். ஓட்டத்திலிருந்து ஷாட் போடத் தெரியாதவர் என்றால் டிராப். பந்து வைத்திருப்பவரைத் தடுக்கும் கார்டு ஸ்கிரீனுக்கு மேல்பக்கமாகப் புகுந்து துரத்துவார், சென்டர் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு ஓரடி உள்ளே நின்று பந்தையும் கூடைக்கு ஓடுபவரையும் சேர்த்துப் பார்ப்பார். சென்டர் இன்னும் பின்னால் போய்விட்டால் நடுவில் சும்மா ஷாட் கிடைக்கும். தடுக்கும் இருவரும் ஏறக்குறைய ஒரே உயரம் என்றால் ஆளை மாற்றிக்கொள்ளும் ஸ்விட்ச். பந்து வைத்திருப்பவர் மிக ஆபத்தானவர் என்றால் இருவரும் அவர் மேலேயே பாய்வது, அதாவது பிளிட்ஸ். ஆனால் பின்னால் மூன்று பேர் நால்வரைக் காக்க வேண்டும். எதிர்ப்பக்கக் கார்னரில் நிற்கும் தடுப்பாளர் உடனே கூடைக்கு அடியில் வராவிட்டால் ஒரே பாஸில் எல்லாம் முடிந்தது.

பெரும்பாலும் உடைவது கால் அல்ல, வாய். ஸ்கிரீன் வருவதைக் கார்டு பார்க்க முடியாது, பின்னாலிருக்கும் சென்டருக்குத்தான் தெரியும். ஸ்கிரீன் போடுபவர் வந்து நிற்பதற்கு முன்பே, "லெஃப்ட், டிராப்" என்று பக்கத்தையும் முறையையும் அவர் கத்த வேண்டும். மோதிய பிறகு கத்தினால் பயனில்லை. ஒரு மாதத்துக்கு டிராப் மட்டும் பழகுங்கள். தினமும் 15 நிமிடம், முதலில் இருவருக்கு இருவர், பிறகு மூவருக்கு மூவர், கடைசியாக நால்வருக்கு நால்வர். சென்டர் குரல் கொடுக்காமல் தடுத்தால், பந்தைப் பறித்திருந்தாலும் அதைக் கணக்கில் சேர்க்காமல் திரும்ப ஆடவிடுங்கள்.