லாரிக்குப் பின்னால் ஒரு கார்: முந்துவது பற்றிய கேள்விகளும் பதில்களும்

நாமக்கல்லிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் வெளிமாநிலங்களுக்கு லாரி ஓட்டியவன் நான். இப்போது புதிய ஓட்டுநர்களுக்குப் பயிற்சி அளிக்கிறேன். வீட்டில் ஒரு சிறிய காரும் உண்டு. ஆகவே இரண்டு இருக்கைகளிலிருந்தும் சாலையைப் பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சென்னை – திருச்சி நான்கு வழிச் சாலையில் பெரும்பாலான லாரிகள் வலது தடத்திலேயே போகின்றன. ஹாரன் அடித்தாலும் விலகுவதில்லை. இதைத் திமிர் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

சட்டப்படி அது தவறுதான். மெதுவாகச் செல்லும் வாகனம் இடது தடத்தில் செல்ல வேண்டும், முந்துவதற்கு மட்டுமே வலது பக்கம் வர வேண்டும். ஆனால் அந்தத் தவறு ஏன் பழக்கமாயிற்று என்பதை அறிந்தால் உங்கள் கோபம் பாதி குறையும். இடது தடத்தில் எதிர்த்திசையில் ஒரு மொபெட் வரும். உணவகத்தின் முன்னால் பாதி உடம்பைச் சாலையில் நீட்டியபடி இன்னொரு லாரி நிற்கும். விழுப்புரம் பக்கம் போனால் பின்விளக்கே இல்லாத கரும்பு டிராக்டர் ஊர்ந்துகொண்டிருக்கும். நிறை லோடோடு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியை ஒவ்வொரு முறையும் 20-க்கு இறக்கி, மீண்டும் கியர் கியராக ஏற்றி அதே வேகத்துக்குக் கொண்டுவர நேரமும் டீசலும் செலவாகும். எங்கே பிரேக்கை மிதிக்கும் தேவை குறைவோ அங்கேயே ஓட்டுநர் தங்கிவிடுகிறார். இது காரணம்தானே தவிர, நியாயம் அல்ல. இடது பக்கம் ஒரு கிலோமீட்டருக்குக் காலியாகக் கிடந்தும் வலது தடத்தைப் பிடித்துக்கொண்டு போகிறவரை நான் ஆதரிக்க மாட்டேன். என் மாணவர்களிடமும் இதையேதான் சொல்கிறேன்.

காரில் வரும் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஐம்பது மீட்டர் பின்னாலேயே இருந்து, விளக்கை ஒரு முறை டிப் அடித்து, ஒரு முறை ஹாரன் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். நீளமான வண்டி இடது பக்கம் ஒதுங்குவதற்கு அங்கே போதிய இடைவெளி கிடைக்க வேண்டும். அதற்கு அரை கிலோமீட்டர்கூட ஆகலாம். பின்புறம் ஒட்டிக்கொண்டு ஹாரனை விடாமல் அழுத்தினால், அவருடைய கண்ணாடியில் நீங்கள் தெரியவே மாட்டீர்கள். சத்தம் மட்டும்தான் கேட்கும்.

கேள்வி: வழி விடாவிட்டால் இடது பக்கமாக முந்தலாமா?

முன்னால் செல்லும் வாகனம் வலது பக்கம் திரும்பப் போவதாகச் சைகை காட்டி, சாலையின் நடுப்பக்கம் ஒதுங்கியிருந்தால் இடது பக்கமாகக் கடக்க விதியே அனுமதிக்கிறது. மற்றபடி, லாரி ஓட்டுநருக்கு உலகிலேயே மிக மோசமாகத் தெரியும் இடம் அவருடைய இடது பக்கம்தான். அவர் வலது பக்கத்தில் உயரத்தில் அமர்ந்திருக்கிறார். இடது கதவின் கீழே ஒரு கார் முழுதாக மறைந்துவிடும். முன்பெல்லாம் கிளீனர் அந்தப் பக்கம் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டிப் பார்த்து, கதவைத் தட்டிச் சொல்வார். இப்போது பல வண்டிகள் ஒற்றை ஓட்டுநரோடு ஓடுகின்றன. அந்தக் கண் இல்லாமல் போய்விட்டது.

நடைமுறையில் பலரும் இடது பக்கமாகத்தான் கடக்கிறார்கள் என்பதை மறைத்துப் பேசிப் பயனில்லை. வேறு வழியே இல்லாமல் அப்படிக் கடந்தால், அவருடைய இடது இன்டிகேட்டர் எரியவில்லை என்பதையும், அருகில் பெட்ரோல் பங்க், சர்வீஸ் சாலைத் திறப்பு, பேருந்து நிறுத்தம் எதுவும் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் சேர்ந்தாற்போல் ஓடிக்கொண்டிருக்காமல் விரைவில் கடந்துவிடுங்கள். அவருடைய கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை.

கேள்வி: ஒரு லாரி இன்னொரு லாரியை முந்துகிறேன் என்று இரண்டும் ஜோடியாக ஓடி, பின்னால் வரும் அனைவரையும் நிறுத்தி வைக்கின்றனவே?

2018-ஆம் ஆண்டின் மத்திய அரசு அறிவிக்கைப்படி நடுவில் தடுப்புள்ள நான்கு வழிச் சாலையில் காருக்கு உச்சவரம்பு 100, சரக்கு வாகனத்துக்கு 80 கிலோமீட்டர் என்று நிர்ணயிக்கப்பட்டது. பல லாரிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் இருக்கிறது. 80-இல் ஓடும் லாரி 77-இல் ஓடும் லாரியை முந்த முயன்றால், வித்தியாசம் மணிக்கு 3 கிலோமீட்டர் மட்டுமே. இரண்டு வண்டிகளின் நீளத்தையும் இடைவெளியையும் சேர்த்து 60 மீட்டர் என்று வைத்தால், கடந்து முடிக்க 72 நொடிகள் பிடிக்கும், அதற்குள் 1.6 கிலோமீட்டர் ஓடியிருக்கும். இதைத் தொடங்கியதே தவறு. ஆனால் தொடங்கிவிட்ட பின் இதை முடித்து வைக்கக்கூடியவர் இடது பக்கம் ஓடும் லாரிக்காரர்தான். அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சற்றே எடுத்தால் இருபது நொடிகளில் விஷயம் முடிந்துவிடும். முந்தப்படும் வாகனம் வேகத்தைக் கூட்டக் கூடாது என்பது விதி. வேகத்தைக் குறைப்பது மரியாதை.

கேள்வி: முன்னால் போகும் லாரி வலது இன்டிகேட்டர் போட்டால் “போகலாம்” என்று பொருளா, “வராதே” என்று பொருளா?

சிலர் இப்படியும் சிலர் அப்படியும் பயன்படுத்துகிறார்கள். ஆகவே, அவர் வலது பக்கம் வரப் போகிறார் என்று மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கையை நீட்டி “வா” என்று அழைத்தாலும்கூட, எதிர்ப்புறம் உங்கள் கண்ணுக்குத் தெரியாத வரை போகாதீர்கள்.

கேள்வி: தடுப்பில்லாத இருவழிச் சாலையில் முந்துவதற்கு எவ்வளவு தூரம் காலியாக இருக்க வேண்டும்?

லாரி 60-இல், நீங்கள் 80-இல் போவதாகக் கொள்வோம். பின்னால் 20 மீட்டர், லாரியின் நீளம் 12, உங்கள் காரின் நீளம் 4, முன்னால் மீண்டும் 20 என்று கூட்டினால் 56 மீட்டர். 20 கிலோமீட்டர் வேக வித்தியாசத்தில் அதைக் கடக்க ஏறத்தாழ 10 நொடிகள் ஆகும். அந்தப் பத்து நொடிகளில் நீங்கள் 220 மீட்டர் ஓடுவீர்கள். எதிரே 80-இல் வரும் வண்டியும் 220 மீட்டர் ஓடிவரும். ஆக, குறைந்தது 440 மீட்டர் வேண்டும். அதுவும் நீங்கள் ஏற்கெனவே 80-ஐ எட்டியிருந்தால்தான். லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு 60-இல் வந்து, அங்கிருந்து வேகமெடுத்தால் இந்தக் கணக்கு போதாது. ஒட்டிக்கொண்டு வருகிறவருக்கு எதிர்ச்சாலை தெரிவதும் இல்லை. பின்தங்கி நின்றால் கண்ணும் திறக்கும், வேகமெடுக்க இடமும் கிடைக்கும்.

கேள்வி: நான் டாரஸ் (பல அச்சுக் கனரக லாரி) ஓட்டுகிறேன், அண்ணா. நான் முன்வண்டியிலிருந்து இடைவெளி விட்டால், அந்த இடத்தில் கார்க்காரர்கள் நுழைந்து உடனே பிரேக் போடுகிறார்கள். என்ன செய்வது?

தம்பி, அந்த வேதனையை நானும் அனுபவித்திருக்கிறேன். இடைவெளியை மீண்டும் மீண்டும் விட்டுக்கொண்டே இருங்கள். பத்துக் கார்கள் நுழைந்தாலும் நீங்கள் இழக்கப் போவது ஒரு நிமிடம்கூட இல்லை.

கார் ஓட்டும் நண்பர்களுக்கு: நீங்கள் மிதித்தவுடன் உங்கள் பிரேக் பிடிக்கும். லாரியின் ஏர் பிரேக்கில் காற்று குழாய் வழியாகச் சென்று சக்கரத்தைப் பிடிக்கவே ஏறத்தாழ அரை நொடி ஆகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அரை நொடி என்பது 11 மீட்டர். இரண்டு அச்சு லாரிக்கே அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 18.5 டன். நீங்கள் காலியாகக் கண்டது இடம் அல்ல, அது லாரி ஓட்டுநர் பிரேக் பிடிக்க விட்டுவைத்த தூரம். கடந்த பிறகு, உங்கள் உள்கண்ணாடியில் லாரியின் முகப்பு முழுவதும், இரண்டு முகப்பு விளக்குகளோடும் தெரிந்த பின்பே இடது பக்கம் திரும்புங்கள்.

கேள்வி: தொப்பூர் கணவாயில் லாரிகளைக் கடப்பதற்குத் தனிக் கவனம் தேவையா?

தேவை. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் பக்கம் ஆபத்தானது. இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும், சேமித்த காற்றும் தீரும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிறவர்களும் உண்டு; அவர்கள் எஞ்சின் தரும் தடையையும் இழந்துவிடுகிறார்கள். குறைந்த கியரில் ஊர்ந்து இறங்கும் லாரி சரியாக ஓட்டப்படும் லாரி. அதை ஹாரன் அடித்து விரட்டாதீர்கள். எந்த லாரிக்கும் நேர் முன்னால் நெடுநேரம் ஓடாதீர்கள். பின்னால் ஒரு வண்டி விளக்கை அடித்துக்கொண்டு, ஹாரனை விடாமல் வந்தால், உங்களை மிரட்டுகிறார் என்று எண்ணாமல், அவருக்குப் பிரேக் பிடிக்காமல் போயிருக்கலாம் என்று கருதி உடனே விலகி வழி விடுங்கள்.

கேள்வி: மழையில் நான்கு இன்டிகேட்டர்களையும் எரியவிட்டு ஓட்டுவது நல்லதுதானே?

நல்லதல்ல. நீங்கள் தடம் மாறப் போவதைப் பின்னால் வரும் லாரிக்குச் சொல்ல வேறு விளக்கு மிஞ்சாது. முகப்பு விளக்கைத் தாழ்த்திப் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து எரியும். ஓடும் வண்டிக்கு அது போதும். நான்கையும் எரியவிடுவது நின்றுபோன வண்டிக்கு உரியது.