வாடகை ஆர்வியில் முதல் பயணம்: எந்த வழியில் போவது, எங்கே எரிபொருள் நிரப்புவது?

கேள்வி: குடும்பத்தோடு ஒரு வாரம் சுற்றிவர 28 அடி நீள மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறையோடு வீடு மாதிரி இருக்கும் வண்டி, ஆர்வி என்றும் சொல்வார்கள்) ஒன்றை வாடகைக்கு எடுக்கிறோம். காரைத் தவிர வேறெதையும் ஓட்டிப் பழக்கமில்லை. வழக்கமாகப் பார்க்கிற மொபைல் மேப்பை நம்பிப் போகலாமா? வழியில் எந்த பங்க்கில் வேண்டுமானாலும் இந்த வண்டியை நுழைக்க முடியுமா?

பதில்: இரண்டுக்குமே ‘முடியாது’ என்றுதான் சொல்ல வேண்டும். பயந்துவிடாதீர்கள், கிளம்புவதற்கு முந்தின இரவு அரை மணி நேரம் ஒதுக்கினால் சமாளித்துவிடலாம். நீளமான வண்டியை ஓரிடத்தில் நுழைப்பதுகூடப் பெரிய பாடில்லை. வெளியே எடுப்பதுதான் பாடு. அதனால் சாலையோ பங்க்கோ, எதைத் தேர்ந்தெடுத்தாலும் ‘இங்கிருந்து ரிவர்ஸ் எடுக்காமல் வெளியேற முடியுமா?’ என்று முதலில் பாருங்கள்.

கூகுள் மேப்ஸ் போன்றவை காருக்கு வழி சொல்பவை. உங்கள் வண்டி எவ்வளவு உயரம், எவ்வளவு எடை என்று அவை கேட்பதே இல்லை. பத்து நிமிடம் மிச்சம் என்று தாழ்வான ரயில் பாலத்துக்கு அடியில் கொண்டுபோய் விட்டுவிடும்.

ஆகவே முதல் வேலை அளவெடுப்பது. வாடகைக்குத் தருபவர் ஒரு உயரம் சொல்வார். அது வெறும் கூரை வரைக்குமா, மேலே இருக்கிற ஏசி, ஆன்டெனா, சோலார் தகடு எல்லாம் சேர்த்தா என்று கேளுங்கள். அவர் இழுத்தால் நீங்களே அளந்துவிடுவது நல்லது. சமதரையில் வண்டியை நிறுத்தி, நேரான நீளக் கட்டை ஒன்றை ஏசி மூடியின் மேல் கிடையாகப் பிடித்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையிலிருந்து தரை வரை டேப்பைத் தொங்கவிடுங்கள். கிடைக்கிற அளவோடு அரை அடியாவது கூட்டிக்கொள்ளுங்கள். பாலத்தில் போர்டு வைத்த பிறகு சாலையை மேலும் மேலும் போட்டு உயர்த்தியிருக்கலாம். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது வண்டியும் துள்ளும். அப்புறம் உயரம், நீளம், அகலம், மொத்த எடை நான்கையும் ஒரு தாளில் அடியிலும் மீட்டரிலும் எழுதி, ஓட்டுபவர் கண்ணில் படும்படி ஒட்டிவையுங்கள். பாலம் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் மனக்கணக்குப் போட வராது.

‘போர்டுதான் இருக்குமே, பார்த்துப் போய்விடலாம்’ என்று நினைப்பவர்களுக்கு ஒரு பாலத்தைக் காட்டலாம். அமெரிக்காவின் வட கரோலினாவில், டர்ஹம் நகரத்து ரயில் பாலம் அது. உயரம் 11 அடி 8 அங்குலமாக இருந்தது. எச்சரிக்கை போர்டும் மின்னும் விளக்கும் வைத்திருந்தும், வாடகை லாரிகளும் மோட்டார்ஹோம்களும் அங்கே வந்து கூரையைச் சீவிக்கொண்டு போயின. 2019-இல் பாலத்தை 8 அங்குலம் தூக்கிவைத்தார்கள். அதற்குப் பிறகும் மோதல் நிற்கவில்லை. காரில் போகும்போது உயரப் பலகையைப் படித்துப் பழகாத கண் அதைப் பார்த்தும் பார்க்காமல் கடந்துவிடுகிறது.

உயரம் மட்டும் போதாது. அதே நாட்டின் கிளேசியர் தேசியப் பூங்காவில் மலையைக் கடக்கும் சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிகளை விடுவதில்லை. உங்கள் 28 அடி வண்டி வந்த வழியே திரும்பி வரத்தான் வேண்டும். பால்டிமோரில் நீருக்கடியில் செல்லும் சுரங்கச் சாலைகளில் (உங்கள் வண்டியிலும் இருக்கக்கூடிய) சமையல் கேஸ் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. இந்த மாதிரித் தடைகள் எந்த நாட்டிலும் இருக்கும், வெறும் மேப்பில் தெரியாது.

இதற்கென்றே செயலிகள் இருக்கின்றன. ஆர்வி லைஃப், கோபைலட், சிஜிக் போன்றவற்றில் ஆர்விக்கான வசதி உண்டு; கார்மின் நிறுவனம் தனி வழிகாட்டிக் கருவியே விற்கிறது. உயரம், எடை, கேஸ் இருக்கிறதா என்பதையெல்லாம் கொடுத்தால் அதற்கேற்ப வழி போடும். சிக்னல் இல்லாத இடத்திலும் உதவும்படி மேப்பை முன்பே இறக்கிவையுங்கள். ஆனால் செயலி ஒன்று சொல்லி, சாலையில் இருக்கும் பலகை வேறொன்று சொன்னால் பலகையைக் கேளுங்கள். முகாமுக்குப் போய்ச் சேரும் கடைசிச் சில கிலோமீட்டரை முந்தின நாளே சாட்டிலைட் காட்சியில் பார்த்துவிடுங்கள். வழி சொதப்புவது பெரும்பாலும் அங்கேதான். மேப் ஐந்து மணி நேரம் என்றால் ஆறரை என்று வைத்துக்கொண்டு, வெளிச்சத்திலேயே போய்ச் சேருவது மாதிரிக் கிளம்புங்கள்.

சரி, எரிபொருளுக்கு வருவோம். டேங்க் 200 லிட்டர், லிட்டருக்கு 3.5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் கணக்குப்படி 700 கிலோமீட்டர் ஓட வேண்டும். அதை நம்பாதீர்கள். கால் டேங்கை இருப்பாக விட்டுவிட்டால் மிஞ்சுவது 525. எதிர்க்காற்றும் மலையேற்றமும் சேர்ந்து மைலேஜை 2.8-க்கு இறக்கினால் அதுவும் 420 ஆகிவிடும். நானாக இருந்தால் 350-க்குள் ஒரு பங்க்கைக் குறித்துவைத்துவிடுவேன். அந்தக் கால் டேங்குக்கு இன்னொரு காரணமும் உண்டு: பல மோட்டார்ஹோம்களில் ஜெனரேட்டரும் அதே டேங்கிலிருந்துதான் உறிஞ்சுகிறது. சுமார் கால் டேங்குக்குக் கீழே போனால் அது தானாக நின்றுவிடும்படி குழாயை வைத்திருப்பார்கள். இரவில் ஏசி நின்ற பிறகுதான் பலருக்கு இது தெரியவரும். ஆளரவமற்ற பகுதிக்குள் நுழையும் முன் முள் எங்கே நின்றாலும் நிரப்பிவிடுங்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஐ-70 நெடுஞ்சாலையில் கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் நடுவே 100 மைலுக்கு மேல் ஒரு பங்க்கும் கிடையாது.

எந்த பங்க்? நெடுஞ்சாலையை ஒட்டி, லாரிகள் நிற்கிற பெரிய பங்க்தான் உங்களுக்குத் தோது. சாட்டிலைட் காட்சியில் மூன்று விஷயம் பாருங்கள்: உள்ளே வரவும் வெளியே போகவும் தனித்தனி வழி இருக்கிறதா, நிரப்பிவிட்டு நேராகக் கிளம்பினால் கடைச் சுவரில் முட்டாமல் போக முடிகிறதா, மேற்கூரை போதிய உயரமா. ஓரத்துப் பம்ப் கிடைத்தால் இன்னும் நல்லது. சில காசு குறைவு என்று ஊருக்குள் இருக்கிற குட்டி பங்க்கைத் தேடிப் போவது வேண்டாத வேலை.

இனி பம்ப் பக்கத்திலிருந்து கிளம்பும் முறை. காரை ஓட்டியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். பின்சக்கரத்துக்குப் பின்னாலும் உங்கள் வண்டி பல அடி நீட்டிக்கொண்டிருக்கிறது. பம்ப் வலப்பக்கம் இருக்கும்போது ஸ்டியரிங்கை உடனே இடப்பக்கம் ஒடித்தால், மூக்கு இடப்பக்கம் விலகும், வால் வலப்பக்கம் வீசி பம்ப்பின் காப்புக் கம்பத்தில் இடிக்கும். வலப்பக்கமே ஒடித்தால் பின்சக்கரம் உள்வாங்கி, வண்டியின் விலாவை அதே கம்பம் கீறிவிடும். அதனால் வண்டியின் பின்முனை பம்ப்பைத் தாண்டும் வரை நேராகவே நகருங்கள். ஒருவர் கீழே இறங்கிப் பின்பக்கம் பார்த்துச் சொன்னால் தப்பில்லை.

லாரி வரிசையில் பெரும்பாலும் டீசல் மட்டும்தான் இருக்கும். குழாயின் முனையும் தடிமன், சிறிய டேங்க் வாயில் நுழையாமல் போகலாம். உங்கள் வண்டி பெட்ரோலா டீசலா என்று மூடியிலேயே பார்த்துவையுங்கள். பம்ப்பின் நிறத்தை நம்ப வேண்டாம், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஐரோப்பாவில் வட்டச் சின்னம் பெட்ரோல், சதுரம் டீசல். டீசல் வண்டியில் பக்கத்திலேயே இன்னொரு சிறு மூடி இருந்தால் அது ஆட்புளூ என்ற யூரியாக் கரைசலுக்கானது. அதை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் பயணம் அங்கேயே முடிந்தது.

பங்க்குக்குள் திரும்புவதற்கு முன்பே கேஸை மூடிவிடுங்கள். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜில் தீ எரிகிறது என்பதே பலருக்குத் தெரியாது. அது அணைந்தாலும் தானாக மறுபடி பற்றவைத்துக்கொள்ளும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பாலத்தின் முன்னால் சந்தேகத்தோடு நிற்க நேரலாம். மெதுவாக ஊர்ந்து பார்க்காதீர்கள். அபாய விளக்கைப் போட்டு அங்கேயே நிறுத்தி, போலீஸை அழையுங்கள். பின்னால் வரும் போக்குவரத்தை அவர்கள் நிறுத்தித் தந்தால், ஆள் வழிகாட்ட ரிவர்ஸ் எடுத்து வந்துவிடலாம். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிக்கத்தான் செய்வார்கள், அடிக்கட்டும்.