திருகோணமலைப் பாறையும் அந்தாட்டிக்காப் பாறையும் ஒன்றுதான் என்கிறார்களே, உண்மையா? நடுவில் ஒரு சமுத்திரம் கிடக்கும்போது எப்படிப் பொருத்திப் பார்க்கிறார்கள்?

உண்மைதான். ஆனால் "ஒன்று" என்பதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். ஒரே பழைய மலைத்தொடரின் வேரிலிருந்து பிரிந்த துண்டுகள் என்றால் சரி. முன்பு இலங்கையும் அந்தாட்டிக்காவும் ஒட்டிக் கிடந்தன, நடுவில் இருக்கும் சமுத்திரம் பின்னால் வந்தது.

நான் திருமலைக்காரன், திருகோணமலையைத்தான் அப்படிச் சொல்வோம். என் மாமா கல்குவாரியில் வேலை செய்தவர். வளாகத்தில் புவிச்சரிதவியல் படித்த முதல் வருடம், அவரிடமிருந்து ஒரு கருங்கல்லை வாங்கிக்கொண்டு போனேன். கரும்பச்சை நிறம், எண்ணெய் தடவியது போல ஒரு மினுக்கம், நடுநடுவே சிவப்புப் பொட்டாகக் கார்னெட் என்ற கனிமம். அந்தாட்டிக்காப் பாறைப் படம் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, "சேர், இரண்டும் ஒன்றுதானே?" என்று விரிவுரையாளரிடம் கேட்டேன். அவர் லென்ஸை எடுக்கவே இல்லை. "தம்பி, முகத்தைப் பார்த்துச் சொந்தம் கொண்டாடாதே. வயதைக் கேள்" என்றார்.

எனக்குக் கோபம். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. சென்னைப் பல்லாவரத்துக் கருங்கல்லும் இதே மாதிரித்தான் இருக்கும். சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் ஜோப் சார்னொக்கின் கல்லறைக்கல் அந்த வகை என்பதால் தோமஸ் ஹொலண்ட் வைத்த பெயர் அது. முகத்தைப் பார்த்தால் பல்லாவரமும் நாமும் அண்ணன் தம்பி. ஆனால் பல்லாவரத்துக் கல் வெந்தது, அதாவது நிலத்துக்கு அடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறியது, ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன். நம்முடையது வெந்தது 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன். அந்தாட்டிக்காவில் ஜப்பானியரின் ஷோவா நிலையம் இருக்கும் லுட்சொவ்-ஹோம் குடாப் பக்கத்துப் பாறைகளோ கிட்டத்தட்ட நம் காலத்தில் வெந்தவை. பக்கத்து வீட்டை விட்டுவிட்டுத் தென்துருவத்தில் சொந்தம் தேடுவது இதனால்தான்.

வயதை எப்படிக் கேட்பது? புல்மோட்டைக்குப் போயிருக்கிறீர்களா? திருமலைக்கு வடக்கே, 50 கிலோமீற்றருக்கு மேல். கடற்கரை மணல் கறுப்பாகக் கிடக்கும், அது இல்மனைற் என்ற கனிமம். ஒரு பிடி அள்ளி லென்ஸில் பார்த்தால் கறுப்புக்கு நடுவே தண்ணீர்த் துளி போலத் தெளிந்த, முனை தேய்ந்த மணிகள் தெரியும். அதுதான் சிர்க்கோன் என்ற கனிமம். மலைப்பாறை தேய்ந்தாலும் இது லேசில் தேயாது. உருவாகும்போது கொஞ்சம் யுரேனியத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும், ஈயத்தைக் கிட்டவே சேர்க்காது. உள்ளே போன யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாகும். யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு. ஆகவே இன்று எவ்வளவு யுரேனியம் மிஞ்சியிருக்கிறது, எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது வந்துவிடும். பாறை மறுபடி வெந்தால் மணியின் மேல் புதிய தோல் ஒன்று வளரும். உள்ளே பழைய வயது, வெளியே வெந்த வயது. ஒரே மணியில் இரண்டு பிறந்தநாள்!

இரண்டாவது சோதனை, மூலப்பொருள், அதாவது வேகுமுன் பாறை எதிலிருந்து உண்டானதோ அது, எவ்வளவு பழசு என்பது. இலங்கையின் நடுவே தென்மேற்கிலிருந்து வடகிழக்காகத் திருமலை வரை ஓடும் உயர்நிலத் தொகுதி என்ற பாறைப் பட்டையின் மூலப்பொருள் 200 கோடி ஆண்டுகளைத் தாண்டியது. அதற்குக் கிழக்கே இருக்கும் விஜயன் தொகுதியில் அதைவிட இளையது. எனவே இலங்கையே ஒரே துண்டு அல்ல, ஒட்டுப்போட்ட துணி. எந்த ஒட்டு அந்தாட்டிக்காவில் எங்கே தொடர்கிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். உயர்நிலத் தொகுதிக்கு லுட்சொவ்-ஹோம்தான் சோடி என்பது எனக்கு நம்பிக்கையான பக்கம்.

கோணேசர் கோயிலுக்கு வருகிறவர்கள் இராவணன் வெட்டைக் காட்டி, "இதுதானா பிரிந்த இடம்?" என்று கேட்பார்கள். இல்லை. அது பாறையில் விழுந்த ஒரு வெடிப்பு. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் விலகத் தொடங்கியபோது உண்டான விளிம்பு கடலுக்குள் இருக்கிறது.

இதையெல்லாம் ஒருநாள் மாமாவிடம் சொன்னேன். பனிக்கட்டிக்கு அடியில் நம் கல்லின் உறவு கிடக்கிறது என்றேன். வெற்றிலையை மென்றபடியே கேட்டுவிட்டு, "அப்ப அங்கயும் உளி மழுங்கும்" என்றார்.